கடலூர் முற்றுகையிலிருந்து தொடங்குங்கள்: உத்தியியல் படிக்க ஒரு வழி

ஒவ்வொரு வருஷமும் டிகிரி ரிசல்ட் வந்த கையோடு யாராவது ஒரு பிள்ளை கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டைத் தேடி வந்துவிடும். பெரும்பாலும் பி.ஏ. வரலாறு முடித்த பிள்ளைகள், இல்லையென்றால் அரசியல் அறிவியல். "அக்கா, ஸ்ட்ராடஜிக் ஸ்டடீஸ் படிக்கணும். எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்பார்கள். தமிழில் அதைத்தான் உத்தியியல் என்கிறேன். புத்தகத்தில் ஆரம்பிக்காதே, ஒரு போரில் ஆரம்பி என்பதுதான் என் பதில். அதுவும் உன் ஊரில் நடந்த போர். சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மொட்டை மாடியில் கூடுகிற வாசிப்பு வட்டத்தில் இப்படித்தான் பதினோரு வருஷமாகச் செய்து வருகிறோம். நேரில் வர முடியாதவர்களுக்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் இந்த வழி என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று உண்டு. நான் எம்.ஏ. முதல் வருஷம் படித்தபோது பொக்ரான் அணுகுண்டுச் சோதனை முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லோருக்கும் ஏவுகணை மேல்தான் கண். நானும் பிருத்விக்கு 150 கிலோமீட்டர், அக்னிக்கு இவ்வளவு, பாகிஸ்தான் 1998 ஏப்ரலில் விட்டுப் பார்த்த கௌரிக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டுப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் பேராசிரியர் அதைத் திருத்தவே இல்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "சரி, மறுநாள் காலையில் எதிராளி என்ன செய்வான்?"

பன்னிரண்டு பக்கத்தில் எதிராளி என்று ஒருவன் யோசிக்கவே இல்லை. ஆயுதம் இருந்தது, தூரம் இருந்தது, எடை இருந்தது. அதை யார், எதற்காக, யாருடைய எந்த முடிவை மாற்றுவதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது இல்லை. அந்தக் கேள்வி இல்லாமல் எழுதுவது ஆயுதப் பட்டியல். அந்தக் கேள்வியோடு எழுதினால்தான் அது உத்தியியல்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நம் நாளிதழ்கள் ஸ்ட்ராடஜி என்றாலே "வியூகம்" என்று எழுதுகின்றன. தேர்தல் வியூகம், தொகுதிப் பங்கீட்டு வியூகம். ஆனால் சக்கர வியூகம், கருட வியூகம் என்றெல்லாம் சொல்லும்போது அது களத்தில் படையை நிறுத்தும் விதம். ஸ்ட்ராடஜிக்கு ஒரு படி கீழே இருக்கிற விஷயம் அது. டாக்டிக்ஸ் என்கிறார்களே, அதற்குத்தான் பொருத்தம். ஈழத்து எழுத்தாளர்கள் "மூலோபாயம்" என்கிறார்கள். கனமான சொல், ஆனால் பொருள் தெளிவு. எங்கள் வட்டத்தில் ஸ்ட்ராடஜிக்கு உத்தி என்றும் டாக்டிக்ஸுக்குக் களத்தந்திரம் என்றும் வைத்திருக்கிறோம். நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் குழப்பாமல் இருந்தால் போதும். களத்தந்திரம் என்பது இந்தச் சண்டையை எப்படி வெல்வது. உத்தி என்பது இந்தச் சண்டை எதற்கு, வென்றால் என்ன கிடைக்கும், போடாமலே அது கிடைக்குமா என்பது.

துறையைப் பற்றி இரண்டு வரி. சர்வதேச உறவுகள் என்ற பெரிய படிப்புக்குள் இது ஓர் அறை. அரசுகள் தங்கள் நோக்கத்துக்காகப் படைபலத்தை எப்படிப் பயன்படுத்துகின்றன, எப்படிக் காட்டி மிரட்டுகின்றன, எப்போது பயன்படுத்தாமல் விடுகின்றன என்பது இதன் பாடம். இன்றுள்ள வடிவத்தில் இது 1945-க்குப் பிறகு வளர்ந்தது. அணுகுண்டு வந்ததும் பழைய அனுபவம் எதுவும் போதவில்லை, ஏனென்றால் அணுப்போர் நடத்திய தளபதி என்று யாருமே இல்லை. அதனால் பொருளாதாரம், வரலாறு, கணிதம் படித்த சிவிலியன்கள் உள்ளே வந்தார்கள். ராணுவச் சீருடை போடாத நம் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

ஒரு தாள், நான்கு கட்டம்

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு முழு வெள்ளைத்தாள், பென்சில், கடலூர் மாவட்ட வரைபடம் ஒன்று. தாளை நான்காக மடித்துக் கோடு போடுங்கள். நான்கு கட்டத்துக்கும் தலைப்பு வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே இருக்கிறது:

"வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்."

செய்யப்போகிற காரியத்தின் கடினம், என் பலம், எதிராளி பலம், இருவருக்கும் துணை நிற்பவர்களின் பலம். "தூக்கி" என்றால் தராசில் வைத்து எடை பார்த்து. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய குறள்தான். அதை ஒரு வேலைத்தாளாக எடுத்துக்கொண்டு நிரப்பிப் பாருங்கள், அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

நிரப்ப வேண்டிய போர், 1783 ஜூனில் கடலூரில் நடந்த முற்றுகை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் நின்றுகொண்டு செய்தால் நல்லது. கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கம் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேசி முடித்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற பேரும் குண்டு சாலை என்ற பேரும் அதனால் வந்தவை. பஸ் போர்டில் தினம் பார்க்கிற பெயருக்குள் ஒரு பீரங்கியின் வீச்சு அளவு இருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் உப்பனாறும் முதுநகரும், மேற்கே கேப்பர் மலை. வரைபடத்தில் இந்த நாலையும் உங்கள் கையாலேயே குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டால் போதாது. வரைகிற கைக்குத்தான் தூரம் உறைக்கும்.

நிலவரம் இது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்ஸ் ஆங்கிலேயருக்கு எதிராகக் குதித்ததால் சண்டை இங்கேயும் தொற்றியது. 1778-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1780-இல் மைசூரின் ஹைதர் அலி, அப்போது கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் புகுந்தார். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தன. 1783 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூருக்கு வந்தார். ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை சென்னையிலிருந்து நடந்து வந்து ஊரைச் சுற்றிப் போய் தெற்கே கூடாரம் அடித்தது.

இனி கட்டங்கள். வினைவலி: ஸ்டூவர்ட்டின் காரியம் என்ன? ஊரைப் பிடிப்பது என்று எழுதினால் பாதி மார்க்தான். புதுச்சேரி போன பிறகு இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கால் ஊன்ற இருந்த இடம் கடலூர். அதை எடுத்துவிட்டால் அவர்கள் படைக்குக் கரையில் இடமே இல்லாமல் போகும். இதுதான் நோக்கம். நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வராவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

தன்வலி: இங்கே பிள்ளைகள் சிப்பாய் எண்ணிக்கையை எழுதுவார்கள். நான் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். மூன்று வருஷப் போரில் ஊர்நாடு பாழாகிப் பஞ்சம் நிலவிய நேரம். அந்தப் படைக்கு அரிசி கடல் வழியாகக் கப்பலில்தான் வரவேண்டும். ஆக ஸ்டூவர்ட்டின் தரைப்படை பலம் என்பது அட்மிரல் ஹியூஸின் கப்பல்கள் கடலூருக்கு எதிரே நிற்கிற வரைக்கும்தான். இதைக் கண்டுபிடித்துவிட்டால் முற்றுகையின் நரம்பைப் பிடித்துவிட்டீர்கள். ஜூன் 13-ஆம் தேதி ஸ்டூவர்ட்டின் ஆட்கள் ஊருக்கு வெளியே இருந்த பிரெஞ்சுக் காவல் வரிசையைத் தாக்கி இரண்டு பக்கமும் ஏராளமான ஆட்கள் விழுந்தார்கள். ஆனால் விஷயம் அங்கே தீரவில்லை, தீரவும் முடியாது.

மாற்றான் வலி: பிரெஞ்சுக் கப்பல்தளபதி சுஃப்ரேன் வந்து சேர்ந்தார். அவரிடம் 15 போர்க்கப்பல், ஹியூஸிடம் 18. கப்பலும் குறைவு, கப்பலில் பீரங்கி இயக்க ஆளும் குறைவு. அதனால் முற்றுகையில் இருக்கிற புஸ்ஸியிடமே 1200 பேரைக் கேட்டு வாங்கினார். இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு கொஞ்சம் யோசியுங்கள். மதிலுக்கு வெளியே எதிரி நிற்கிறான். உள்ளே இருக்கிற 1200 பேரைக் கடலுக்கு அனுப்புகிறீர்கள். கடலில் தோற்றால் ஊரும் போச்சு. அனுப்பாவிட்டால் ஊர் பத்து நாள் கூடுதலாகத் தாங்கலாம், ஆனால் எதிரியின் அரிசிக் கப்பல் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் புஸ்ஸியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வட்டத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை ஒதுக்குவோம். ஒரு பாதி புஸ்ஸி, ஒரு பாதி சுஃப்ரேன். பிறகு இடம் மாறி உட்கார்ந்து எதிர்க்கட்சியாகப் பேசவேண்டும்.

ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே சண்டை. சுமார் மூன்று மணி நேரம். எந்தப் பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவில்லை. களத்தந்திரக் கணக்கில் சமம். ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தட்டுப்பாடு, மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய். அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். சுஃப்ரேன் வாங்கிய ஆட்களைக் கரையில் இறக்கினார். முற்றுகை போட்டவர்கள் இப்போது தாங்களே மாட்டிக்கொண்ட மாதிரி ஆனார்கள். களத்தில் சமன், உத்தியில் வெற்றி. களத்தந்திரம், உத்தி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது நம் கடற்கரையிலேயே நடந்திருக்கிறது!

துணைவலி: 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். மேற்குக் கரையில் ஆங்கிலேயர் புகுந்ததால் அவர் மகன் திப்பு அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. கடலூரில் புஸ்ஸிக்கு முழுத் துணை இல்லை. அப்புறம் ஜூன் கடைசியில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சண்டையை நிறுத்தினார்கள். மங்களூரில் போரிட்டுக்கொண்டிருந்த திப்பு தனியாக விடப்பட்டார். 1784 மார்ச்சில்தான் அவர் தனியே உடன்படிக்கை செய்தார். ஒப்பந்தப்படி கடலூர் ஆங்கிலேயருக்கே திரும்பியது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பியது. கூட்டாளிக்கு இரண்டு பயம் உண்டு என்று கிளென் ஸ்னைடர் 1984-இல் ஒரு கட்டுரையில் எழுதினார்: ஒன்று கைவிடப்படுவோமோ என்பது, இன்னொன்று அவன் சண்டையில் நாம் இழுபடுவோமோ என்பது. திப்புவின் கதையை முதலில் கட்டத்தில் எழுதிவிட்டு அந்தக் கட்டுரையைப் படித்தால் ஒரே மூச்சில் ஓடும். கட்டுரையை முதலில் படித்தால் தூக்கம் வரும்; நான் அனுபவப்பட்டிருக்கிறேன்.

தாளின் பின்பக்கத்தில் இரண்டு தேதியை மட்டும் எழுதுங்கள். பிரான்சும் இங்கிலாந்தும் முதற்கட்டச் சமாதான ஒப்பந்தம் போட்டது 1783 ஜனவரி 20. கடலூர்க் கடற்சண்டை ஜூன் 20. சரியாக ஐந்து மாதம். அதற்குப் பிறகும் ஜூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் மதிலைவிட்டு வெளியே வந்து தாக்கித் தோற்றார்கள். முடிந்துபோன போருக்காக இந்த மண்ணில் ஆட்கள் செத்தார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். நானும் பேசவிடுவதில்லை.

காற்றைக் கேளுங்கள்

இந்தப் பயிற்சியில் எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது சோனாங்குப்பத்துப் பையன் ஒருவன். ஹியூஸ் 1782 அக்டோபரில் ஏன் கப்பல்களோடு பம்பாய்க்கே போனார், சுஃப்ரேன் ஏன் சுமத்ராவின் ஆச்சே வரைக்கும் போனார் என்று நான் புத்தகத்தை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் பெரியப்பா படகு வைத்திருப்பவர். "அக்கா, ஐப்பசியில வாடை பிடிச்சிட்டா இந்தக் கரையில எவன் நங்கூரம் போட்டு நிப்பான்? தொறந்த கடலு. ஒதுங்க எடம் இல்ல. முகத்துவாரத்துக்குள்ள சின்ன படகுதான் வரும், அம்மாம்பெரிய கப்பல் எங்க வரும்?" என்றான்.

அவ்வளவுதான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை அந்தக் காலத்துப் போர்க்கப்பல் புயல் மாதத்தில் ஒதுங்கத் துறை கிடையாது. ஒதுங்க வேண்டுமென்றால் திருகோணமலை. அதனால்தான் சுஃப்ரேன் 1782 ஆகஸ்டில் அதைப் பிடித்தார். இலங்கைத் துறைமுகம் யார் கையில் என்பது அன்றைக்கே நம் கரையின் கவலை. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனபோதும், 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அங்கே வந்து நின்றபோதும் நடந்த பேச்சை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லவில்லை. நீராவியும் டீசலும் வந்த பிறகு வாடைக்காற்று கப்பலைத் துரத்துவதில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்து எழுதுவதுதான் உங்கள் இரண்டாவது வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடலுக்குப் போகிறவர் இருந்தால் அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். குறளின் இடனறிதல் என்ற அதிகாரத்துக்கு அவர்தான் உரையாசிரியர்.

இப்போது புத்தகம்

ஒரு போரை நான்கு கட்டத்தில் போட்டுப் பார்த்த பிறகு, இந்த வரிசையில் படியுங்கள். இது என் வரிசை. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் மஹான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி, கடல்வலிமை வரலாற்றின்மேல் செலுத்திய தாக்கம் பற்றி 1890-இல் எழுதிய நூல். அதில் சுஃப்ரேனும் ஹியூஸும் நம் கரையில் போட்ட சண்டைகளுக்கென்றே ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று ஊர்ப் பெயராக வரும். காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசம். உங்களுக்குத் தெரிந்த கதையை ஒரு பெரிய ஆள் எப்படி எடுத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். அவர் எதைப் பார்க்கவில்லை என்றும் பாருங்கள்; பஞ்சமும் சிப்பாயும் அவர் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

அடுத்து கிளாஸ்விட்ஸ். பிரஷ்யத் தளபதி, 1831-இல் இறந்தார். போரைப் பற்றிய அவர் நூலை மனைவி மரீ 1832-இல் வெளியிட்டார். முழுதும் படிக்க உட்காராதீர்கள். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயம், அதே புத்தகத்தில் உராய்வு பற்றிய சின்ன அத்தியாயம், பிறகு எட்டாம் புத்தகம். போர் என்பது அரசியலின் தொடர்ச்சி, வேறு கருவிகளோடு என்ற அவர் கருத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைவிட எனக்கு உராய்வு முக்கியம். காகிதத்தில் சுலபமான எல்லாம் களத்தில் ஏன் கடினமாகிறது என்பது. ஹியூஸின் தண்ணீர்ப் பீப்பாயை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்றாவது ஷெல்லிங். பொருளாதார நிபுணர், 2005-இல் நோபல் வாங்கியவர். ஆயுதமும் செல்வாக்கும் பற்றி 1966-இல் எழுதிய நூல். செய்யாதே என்று தடுப்பதற்கும், செய் என்று பணியவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் பிரித்துக் காட்டுகிறார். முன்னதை டெட்டரன்ஸ் என்பார்கள். நாங்கள் அச்சத் தடுப்பு என்கிறோம். வட்டத்தில் இதற்குச் சொல்கிற உதாரணம் வலை. "எங்க எல்லையில சுருக்குமடி வலை போடாதே" என்று பக்கத்து ஊருக்கு முன்கூட்டியே சொல்வது ஒன்று. போட்ட பிறகு "எடு" என்று சொல்வது இன்னொன்று. முதலாவதில் அவர்கள் சும்மா இருந்தாலே போதும். பயந்துதான் போடவில்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது. இரண்டாவதில் ஊர் பார்க்க வலையைச் சுருட்டவேண்டும், மானம் போகும். அதனால் இரண்டாவது எப்போதும் கடினம். இதைப் பிடித்துக்கொண்டு கியூபா ஏவுகணை நெருக்கடியைப் படித்தால் கென்னடி ஏன் குருஷ்சேவுக்குப் பின்வாங்க ஒரு சந்து விட்டார் என்பது விளங்கும்.

நான்காவது ராபர்ட் ஜெர்விஸ் 1978-இல் எழுதிய பாதுகாப்புச் சிக்கல் பற்றிய கட்டுரை. நான் தற்காப்புக்காகச் செய்வது உனக்குத் தாக்குதலாகத் தெரிகிறது, நீயும் தயாராகிறாய், இருவருமே முன்பைவிடப் பயந்து நிற்கிறோம். இதற்கும் வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். 1756-இல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து ஆங்கிலேயர் கல்கத்தாக் கோட்டையைப் பலப்படுத்தினார்கள். வங்க நவாப் சிராஜுத்தௌலா அது தனக்கு எதிரானது என்று எடுத்துக்கொண்டு கோட்டையையே பிடித்துவிட்டார். மீட்க அனுப்பப்பட்ட கிளைவ் அந்த வருஷம் நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் பொறுப்பில் இருந்தவர்.

அணு ஆயுதத்தை இதற்குப் பிறகு எடுங்கள், முன்னால் வேண்டாம். இதுவரை படையின் வேலை போரை வெல்வது, இனி போரைத் தவிர்ப்பது என்று பெர்னார்ட் பிராடி 1946-இலேயே சொல்லிவிட்டார். அதற்கு எதிரி முதலில் அடித்தாலும் திருப்பி அடிக்க ஆயுதம் மிஞ்சவேண்டும் என்பதை 1959-இல் வோல்ஸ்டெட்டர் விளக்கினார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 2003 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அணுக்கொள்கை அறிக்கையைப் படியுங்கள். ரொம்பச் சின்னது. முதலில் பயன்படுத்துவதில்லை என்று சொல்கிற நாட்டுக்கு அரிஹந்த் மாதிரி அணு ஏவுகணை ஏந்துகிற நீர்மூழ்கி ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கொள்கையை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். நடுவில் எங்கே வேண்டுமானாலும். பக்கத்து அரசன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்ற கணக்கை திப்பு, நிஜாம், மராத்தியர் மூவரையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று தெரியும். அந்த நூலின் ஓலைச்சுவடியை மைசூர் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர், எழுத்தும் கிரந்தம். சாமா சாஸ்திரி அதை 1909-இல் அச்சிட்டார். அதேபோல் புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியையும் உழிஞையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். மதில் காப்பவனுக்கு ஒரு பூ, மதில் முற்றுவோனுக்கு ஒரு பூ. ஒரே மதிலை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு புதையல் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதினார், தமிழில். 1748-இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்காவென் புதுச்சேரியை முற்றுகையிட்டு, மழைக்காலம் நெருங்க அக்டோபரில் விட்டுவிட்டுப் போன நாட்களை அவர் உள்ளேயிருந்து எழுதியிருக்கிறார். முற்றுகைக்குள் இருப்பவன் எதைக் கேள்விப்படுகிறான், எதை நம்புகிறான், யார் யாருக்குப் பயப்படுகிறான் என்பதையெல்லாம் இவ்வளவு அருகில் பார்க்க வேறு வழியில்லை. ரோமன் ரோலன் நூலகத்தில் உட்கார்ந்து அந்த மாதங்களை மட்டும் படித்து இன்னொரு நான்கு கட்டத் தாள் போடுங்கள்.

இந்தத் துறையில் எனக்குள்ள சண்டை

இந்தத் துறையை நேசிக்கிறேன், அதனாலேயே இதைச் சொல்கிறேன். இதன் நூல்கள் பெரும்பாலும் வாஷிங்டனின் பயத்தை உலகத்தின் பயமாக எழுதியவை. அரசின் பாதுகாப்பு என்று எழுதிவிட்டு யாருடைய பாதுகாப்பு என்று கேட்க மறந்துவிடும். பாரி பூசான் 1983-இல் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார், அவரையும் படியுங்கள். ஆனால் எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். எல்லை, ரோந்து என்று நான் பேசினால் "படகு திரும்பலன்னா அந்த வீட்டுல சாயங்காலம் அடுப்பு எரியாதும்மா, அத எந்தக் கட்டத்துல எழுதுவ?" என்பார். அதற்குப் பிறகு என் தாளில் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு பத்தி உண்டு: இந்த முடிவுக்கு விலை கொடுப்பது யார்? 1783 தாளில் அந்தப் பத்தியை நிரப்ப ஆவணம் அதிகம் கிடைக்காது. காலியாக இருந்தாலும் கோடு போட்டே வையுங்கள்.

எங்கே சேரலாம்

சுருக்கமாக. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்தியியலுக்கென்று தனித்துறை உண்டு. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுத் துறை, அதோடு தெற்காசிய ஆய்வு மையம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் முதுகலைக்கு சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். டெல்லி போகத் துணிந்தால் ஜேஎன்யு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இதற்குத் தனிப் பாடத்தாளே இருக்கிறது. தமிழ்வழியில் படித்தோமே என்று தயங்காதீர்கள். இந்தியாவில் இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்து சென்னையில் வேதியியல் படித்தவர். இந்தப் பாடத்தில் பட்டம் வாங்கி வந்தவர் இல்லை. 1999 கார்கில் போருக்குப் பிறகு அமைத்த ஆய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த அறிக்கை நூலாகக் கிடைக்கிறது. தகவல் கையில் இருந்தும் ஏன் கோட்டைவிட்டோம் என்பதைப் படிக்க அதைவிட நல்ல பாடம் நம் நாட்டில் இல்லை.

ஒரு மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பிரெஞ்சு சுலபம், புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் வகுப்பு உண்டு. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிங்களம் கற்பவர் கிடைத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்; அந்த மொழியில் செய்தித்தாள் படிக்கத் தெரிந்த தமிழ்நாட்டு ஆய்வாளரை விரல்விட்டு எண்ணலாம்.

வாராவாரம் செய்ய வேண்டியது

ஒரு நூறு பக்க நோட்டு. டிவி விவாதத்தை அணைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு செய்தியை எடுங்கள். இடப்பக்கத்தில் நான்கு கட்டம், ஓரப் பத்தி. கீழே மூன்று மாதத்துக்குள் என்ன நடக்கும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, எத்தனை சதவீதம் உறுதி என்றும் தேதியும் போடுங்கள். "பதற்றம் தொடரலாம்" என்று எழுதக்கூடாது. நடந்ததா இல்லையா என்று பிறகு ஒருவர் பார்த்துச் சொல்லும்படி இருக்கவேண்டும். பேச்சுவார்த்தைக்கு வருவார்கள், கப்பலுக்கு அனுமதி கொடுப்பார்கள், தூதரைத் திரும்ப அழைப்பார்கள், இப்படி.

மூன்று மாதம் கழித்து வலப்பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். தவறிப்போன பக்கத்தைக் கிழிக்காதீர்கள், அடிக்கவும் அடிக்காதீர்கள். நான்கு வலியில் எதை நான் தப்பாக எடை போட்டேன் என்று அந்தக் கட்டத்தை மட்டும் சிவப்பு மையால் சுற்றுங்கள். என் நோட்டுகளில் சிவப்பு அதிகம் விழுந்திருப்பது துணைவலிக் கட்டத்தில். யார் யாரோடு எது வரைக்கும் நிற்பார்கள் என்பதில் இன்னமும் தவறுகிறேன். வட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது மாற்றான் வலியில் விழுகிறது. உங்களுக்கு எந்தக் கட்டம் என்று தெரிய ஒரு வருஷ நோட்டாவது வேண்டும்.